சங்ககிரியில் கேட்காமல் விட்ட பெயர்

மே மாத வெயிலில் நின்ற வாடகை அம்பாசிடரின் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தால் தொடை பொசுங்கும். ஜன்னலைத் திறந்தாலோ திருச்செங்கோட்டுச் சாலையில் போகும் போர்வெல் லாரிகளின் புழுதி பல்லில் நறநறக்கும். என் பன்னிரண்டாம் வயதுக் கோடை விடுமுறையை, சூரமங்கலத்துப் பெரியம்மா வீட்டில் சினிமா பார்த்துக் கழித்திருக்க வேண்டியவள், சித்தப்பாவோடு அந்தச் சீட்டில்தான் கழித்தேன்.

சித்தப்பா அமெரிக்காவில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரில் இன்ஜினியர். அந்த ஊர் நூலகத்தில் வம்சம் தேடுவதற்கென்றே ஓர் அறை உண்டாம்; கல்லறைக் கல்லில் இருப்பதைக்கூடப் படியெடுத்து வைத்திருப்பார்களாம். பக்கத்து வீட்டுக் கிழவர் தன் ஏழு தலைமுறையை ஒப்பித்துவிட்டு, "உன் கொள்ளுத்தாத்தா யார்?" என்று கேட்க, இவர் திருதிருவென்று விழித்தாராம். அந்த அவமானம் தீர, கட்டம் கட்டமாக அச்சடித்த ஒரு வம்ச மரத் தாளோடு ஒரு மாத லீவில் வந்து இறங்கிவிட்டார். ஊர்த் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று, கொதித்து ஆறிய தண்ணீர்க் கேனைக் கையில் கொடுத்து என்னையும் கூட அனுப்பிவிட்டாள் அம்மா.

போன இடமெல்லாம் எரிச்சல்தான். பேரனுக்குத் தாத்தா பெயரையே வைப்பது எங்கள் பக்க வழக்கம். நல்லண்ணனுக்கு மகன் பழனியப்பன், பழனியப்பனுக்கு மகன் மறுபடியும் நல்லண்ணன் என்று போய்க்கொண்டே இருந்ததில், எந்த நல்லண்ணன் கிணறு வெட்டினார், எந்த நல்லண்ணன் மாட்டு வியாபாரத்தில் நொடித்தார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெண்களுக்கோ பெயரே கிடையாது. "மல்லசமுத்திரத்துக்காரி" என்று பிறந்த ஊரைச் சொல்வார்கள். பெயரை வற்புறுத்திக் கேட்டால், "பேரச் சொல்லி ஆருங்க கூப்புட்டாங்க?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

கடைசியில் எங்கள் ஊர்ப் பூசாரிதான் போகிறபோக்கில், "மூத்த சம்சாரத்து வகையறா சங்ககிரில இருக்கறாங்கல்ல, அவியளக் கேளுங்க" என்றார். தோட்டத்தோடு வந்த இன்னொரு பெண்ணைக் கட்டுவதற்காக, முதல் மனைவியைக் கைக்குழந்தையோடு துரத்திவிட்டிருக்கிறார் என் கொள்ளுத்தாத்தா. நாங்களெல்லாம் அந்த இன்னொரு பெண்ணின் வழி. அன்று வீட்டில் அப்பா கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டது. "ஏண்டா, இதத் தோண்டறதுக்கா பிளேன் ஏறி வந்த?"

மறுநாள் அப்பாவிடம் சொல்லாமலே போனோம். சங்ககிரியில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை. அந்தக் கைக்குழந்தையின் மகன் ஆறுமுகம் வெல்டிங்கை நிறுத்திவிட்டு, "வாங்க சாமி" என்று எனக்குச் சோடா வாங்கித் தந்தார். உங்களைத் தேடித்தான் வந்தோம் என்று பெருமையாகத் தொடங்கினார் சித்தப்பா.

"நாங்க உங்களத் தேடலீங்க. நீங்க எங்க இருக்கறீங்கன்னு எங்களுக்கு எப்பவுமே தெரியுமுங்க. உங்கப்பா எழவுக்குக்கூட வந்து ஓரமா நின்னுட்டுத்தான் வந்தேன். ஆருன்னு ஒருத்தருங் கேக்கல."

சித்தப்பா தாளை விரித்தார். ஒவ்வோர் ஆணுக்குப் பக்கத்திலும் மனைவிக்கு ஒரே ஒரு கட்டம். ஆறுமுகம் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "எங்க ஆயாவ இதுல எங்கீங்க எழுதுவீங்க?" என்றார். சித்தப்பா மெல்ல, அந்தப் பாட்டியின் பெயர் என்ன என்று கேட்டார். அந்தப் பேச்சில் அலுத்துப்போய் நான் வெளியே ஓடிவிட்டேன்.

பல வருடம் கழித்து எல்லோருக்கும் சித்தப்பா தபாலில் அனுப்பிய வம்ச மரத்தின் அச்சுப் பிரதியில் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரே மனைவிதான். அப்பாவும் போய்விட்ட பிறகு, சென்ற மாதம் சித்தப்பாவைப் போனில் பிடித்துச் சண்டை போட்டேன். "ஆறுமுகம் அந்தப் பேரச் சொன்னாரு கண்ணு. உங்கப்பா சத்தம் போடுவாருன்னு எழுதல. இப்ப நெனச்சா நெனப்பு வரமாட்டேங்குது" என்றார். போனை வைத்துவிட்டு சங்ககிரிக்கு பஸ் ஏறினேன். பட்டறை இருந்த இடத்தில் டயர் ஷோரூம். ஆறுமுகம் இறந்து ரொம்ப நாளாகிறதாம்; பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை.

சித்தப்பாவை மட்டும் திட்டி என்ன பயன்? அந்தப் பெயரை ஆறுமுகம் சொன்னபோது நான் பத்தடி தூரத்தில்தான் இருந்தேன். பாடி கட்டாத ஒரு லாரியில் ஏறி, ஸ்டீயரிங்கைத் திருப்பி, தொண்டை கிழிய வாயால் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தேன்.