செவலைக்கு மருந்து வைத்தவள்

ராக்கம்மாளை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதற்காக நல்லவள், வல்லவள் என்று நான் எழுதினால், அவளே எழுந்து வந்து "யாரைச் சொல்றே?" என்று சண்டைக்கு நிற்பாள்.

பரவையில் சந்தைக்குப் போகிற தெருவில் என் பலசரக்குக் கடை. எதிர்வரிசையில் அவள் வீடு. என் கடையில் வாங்கின புளியில் கொட்டை அதிகம் என்று, ஒரு நாள் அத்தனை கொட்டையையும் பொறுக்கி எடுத்து வந்து, சாமான் வாங்க வந்தவர்கள் முன்னால் தராசுத் தட்டில் கொட்டினாள். கோயில் பூசாரி பொங்கலைக் கிள்ளி வைத்தார் என்று அவரோடு சண்டை. தண்ணீர் பாய்ச்சும் முறைக்காகப் பக்கத்து வயல்காரனோடு சண்டை. மகள் மாயக்காளைச் சோழவந்தானில் கட்டிக்கொடுத்திருந்தாள். பேரனுக்குக் காது குத்தின பந்தலிலேயே மருமகனைப் பிடித்து உலுக்கிவிட்டாள். அதோடு மகள் வரத்து நின்றது. புருஷன் தவசி சாதுவான மனிதர். அவருக்குப் பேசத் தெரியாது என்று தெருவில் சொல்வார்கள். பேச இடம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை.

இப்பேர்ப்பட்டவள் வாயிலிருந்து "ராசா" என்றொரு வார்த்தை வருமென்று செவலை வந்த பிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது.

தவசி விடியலில் கத்தரிக்காய் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மதுரைச் சிம்மக்கல் காய்கறிச் சந்தைக்குப் போவார். அப்படி ஒரு நாள் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வண்டி அச்சுக்குக் கீழே நிழலிலேயே நடந்து வந்துவிட்ட தெருநாய்க்குட்டி அது. செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது. "இருக்கிற வாயி போதாதுன்னு இதை வேற கூட்டியாந்தியாக்கும்!" என்று தவசியைத் திட்டிக்கொண்டே மோரை ஊற்றி வைத்தாள். அன்றிலிருந்து அந்த நாய் அவள் சேலைத் தலைப்பை விட்டு அகலவில்லை. களை எடுக்கப் போனால் வரப்பில் படுத்திருக்கும். அவள் சாப்பிடுகிற தட்டுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு தட்டு.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். பர்மா அரிசி நின்றுபோய், வசதியான வீடுகளிலேயே கேப்பைக்களி கிண்டினார்கள். என் கடை வாசலில் அரிசிக்காக நின்று வெறுங்கையோடு போனவர்கள் எத்தனையோ பேர். ராக்கம்மாள் மட்டும் சொந்த வயலில் விளைந்ததில் எடுத்து, நாய்க்கு நெல்லுச்சோறு போட்டாள். தாங்கள் களி தின்றுவிட்டு நாய்க்குச் சோறு! தெரு வயிறெரிந்தது. எனக்கும் எரிந்தது. அடுத்த வீட்டுச் சின்னத்தாய்க்குத்தான் ரொம்ப எரிந்தது, ஏனென்றால் அவளுக்கு நாலு பிள்ளைகள்.

"மனுசப்பிள்ளை கேப்பையைக் கண்டு முகத்தைச் சுளிக்குது. நாயி நெல்லுச்சோறு திங்குதாம்!" என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொல்வாள்.

"நாயி நன்றி மறக்காதுடி. நீ என்கிட்ட வாங்குன உழக்கு எண்ணெயை மறந்துட்டியே" என்று இந்தப் பக்கத்திலிருந்து பதில் போகும்.

இப்படியிருக்கையில் செவலை சின்னத்தாயின் அடைகோழியைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. அன்றைக்கு நடந்த சண்டையில் என் கடையில் வியாபாரமே நடக்கவில்லை. கடைசியில் சின்னத்தாய் தெருவே கேட்க ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை என் கோழியைத் தொட்டுச்சு, சோத்துல மருந்து வச்சு ஒன் நாயை உருக்கிப்புடுவேன், பாத்துக்க!"

மருந்து வைப்பது என்றால் உடனே கொல்கிற விஷம் இல்லை. சோற்றில் மறைத்துக் கொடுத்துவிட்டால் அது குடலில் ஒட்டிக்கொண்டு, மெல்லக் கட்டியாகத் திரண்டு, ஆளை எலும்பும் தோலுமாக்கும் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறார்கள். அதை வெளியே எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள் சின்னத்தாய். வேறொன்றுமில்லை.

ஆனால் அந்த ஆடி மாதத்தில் செவலை தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு வாந்தி. உடம்பு வற்ற வற்ற வயிறு மட்டும் பருத்தது. ராக்கம்மாள் ஓமத்தண்ணீர் கொடுத்தாள், வேப்பங்கொழுந்து அரைத்து ஊற்றினாள், ஆட்டு எலும்பை வேகவைத்து அந்தச் சாற்றை விரலால் நாக்கில் தடவினாள். நாய் அவள் விரலை மட்டும் நக்கியது. அவளைப் பார்க்கவே சகிக்கவில்லை. தலை வாராமல், என் கடைக்கு வந்தும் எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"வண்டியைப் பூட்டுய்யா" என்றாள் ஒரு நாள் தவசியிடம். வைக்கோலைப் பரப்பி நாயைக் கிடத்தி, மதுரைக்கு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே நடந்ததை மறுநாள் தவசிதான் என் கடையில் உட்கார்ந்து சொன்னார்.

டாக்டர் பொறுமையாகத்தான் வயிற்றை அழுத்திப் பார்த்திருக்கிறார். "வயித்துக்குள்ள பெரிய கட்டி இருக்கும்மா. ரொம்ப நாளா வளர்ந்திருக்கு. அறுத்தாலும் பிழைக்காது. வலி தாங்காமப் போனா கொண்டு வாங்க, ஒரு ஊசி போட்டுடலாம். தூங்குற மாதிரி போயிடும்" என்றிருக்கிறார்.

"ஒங்க வீட்டுல யாருக்காச்சும் போட்டுக்கங்க அந்த ஊசியை" என்று சொல்லிவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாளாம்.

வண்டி வைகைப் பாலத்தைத் தாண்டியது. அப்புறம் திடீரென்று, "வயித்துல கட்டின்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல? அவ சொன்ன மாதிரியே வச்சுப்புட்டாய்யா!" என்றாளாம்.

டாக்டர் சொன்ன கட்டி வேறு, இவள் நினைத்த கட்டி வேறு என்று எடுத்துச் சொல்ல தவசிக்கு வாய் வரவில்லை. நான் சொன்னேன். "ராக்கு, அது வியாதி. மனுசனுக்கு வர்ற மாதிரி நாய்க்கும் வந்திருக்கு" என்று வீட்டு வாசலில் நின்று சொன்னேன். "நீ அவகிட்ட எம்புட்டு வாங்குன?" என்று கேட்டாள். நான் வந்த வழியே திரும்பினேன். இந்த லட்சணத்தில் யார் அவளுக்கு நல்லது சொல்வார்கள்?

அடுத்ததாக வில்லாபுரத்துக்குப் போனார்கள். அங்கே மருந்து எடுக்கிறவன் ஒருவன் இருந்தான். மனுஷருக்குத்தான் எடுப்பேன், நாய்க்கு எடுத்தால் கை தீட்டு என்று முதலில் பிகு பண்ணினானாம். ராக்கம்மாள் காலில் விழுந்தாள். இதைச் சொல்லும்போது தவசிக்கே நம்ப முடியவில்லை. "எவன் கால்லயும் விழாதவப்பா அவ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் பகை யாரோடு, எதனால் என்று நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். பிறகு பித்தளைக் குழாயை நாயின் வயிற்றில் வைத்து உறிஞ்சி, தட்டில் ஒரு உருண்டையைத் துப்பினான். மயிரும் சாம்பலுமாக இருந்த அந்த உருண்டைக்குள் கோழி இறகு. கோழிச் சண்டை என்று சொன்னவளுக்குக் கோழி இறகு எடுத்துக் காட்டாமல் வேறென்ன காட்டுவான்? மாட்டுச் சண்டை என்றிருந்தால் கொம்பையே எடுத்திருப்பான் அயோக்கியப் பயல்.

வண்டியில் காற்றுப் பட்டதாலோ என்னவோ, மறுநாள் செவலை எழுந்து நின்றது. கொஞ்சம் பாலும் குடித்தது. ராக்கம்மாள் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, "எந்திரிச்சுட்டான் என் ராசா!" என்று எல்லாருக்கும் சொன்னாள். சண்டை போட்டிருந்தவர்கள் வீட்டு வாசலிலும் நின்று சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரச் சந்தை கூடுவதற்குள் நாய் மறுபடி படுத்துவிட்டது. இந்த முறை முனகலும் சேர்ந்துகொண்டது. அவள் மடியில் தலையை வைத்திருந்தால் மட்டும் முனகாது. அதனால் அவள் வயலுக்குப் போகவில்லை, உலை வைக்கவில்லை, தாழ்வாரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாய் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அப்படி இருந்தவள் அங்கேயே இருந்திருக்கலாம்.

உச்சிவெயில் நேரம். நாய் ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறது. எடுத்த மருந்தைச் சின்னத்தாய் மறுபடி வைத்துவிட்டாள் என்று இவளுக்குத் தோன்றிவிட்டது. நாயின் தலையைச் சாக்கில் இறக்கி வைத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தால் எதற்கென்று கேட்க வேண்டியதில்லை. சின்னத்தாய் வாசலுக்கு நேரே நின்று, இரண்டு கையாலும் தெருமண்ணை அள்ளி அவள் கதவின் மேல் வீசினாள்.

"என் புள்ளையை உருக்குனவளே! ஒன் வீட்டுல விளக்கு எரியக் கூடாதுடி! ஒன் அடுப்புல பூனை படுக்கணும்! நீ மண்ணாப் போகணும்!"

மண் வாரித் தூற்றுவதை எங்கள் ஊரில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அது பலிக்கும் என்பார்கள். நாலு பிள்ளைக்காரி சும்மா இருப்பாளா? கையில் முறத்தோடு பாய்ந்து வந்தாள் சின்னத்தாய்.

"நாய்க்கு மருந்து வைக்க நான் என்ன பொழப்பத்தவளா? எம் பிள்ளைக மேல மண்ணைத் தூத்துறியே, ஒன் கை அழுகிப் போயிரும்டி!"

"அழுகட்டும்! நீ முதல்ல அழுகு!"

கடை கடையாக ஆட்கள் எழுந்து வந்து நின்றார்கள். ராக்கம்மாளின் குரல் மேலத்தெரு வரை கேட்டது. அப்போதுதான் அவளுக்குப் பின்னால், அவள் வீட்டு வாசலிலிருந்து செவலை வெளியே வந்தது. நடக்கவில்லை. முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. அவள் சத்தம் போட்டால் அது படுத்திருக்காது. தானும் கூட வந்து நிற்க வேண்டும் அதற்கு.

முதலில் பார்த்தவள் சின்னத்தாய்தான். முறத்தை இறக்கினாள்.

"ஏ ராக்கு, அங்கிட்டுப் பாரு. ஒன் நாயி வருது."

"என்னையத் திரும்ப வச்சுப்புட்டு உள்ளே ஓடப் பாக்குறியா?"

"நெசமாடி! எந்திரிச்சு வருது, பாரு!"

ராக்கம்மாள் திரும்பவில்லை. சண்டையில் முகத்தைத் திருப்புவது தோற்றவள் வேலை. குனிந்து இன்னொரு கை மண் அள்ளினாள். நான் கடையிலிருந்து "ராக்கம்மா, பின்னாடி பாரு" என்று கத்தினேன். என்னையும் என் அப்பனையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அவளுக்குத் தெருவில் யாரும் ஆள் இல்லை. எல்லாரும் அந்தப் பக்கத்து ஆட்கள். இருபது முப்பது வருஷமாக அப்படிப் பழகி வைத்திருந்தாள். இப்போது யார் சொல்லித் திரும்புவாள்?

சின்னத்தாய் வாயில் சேலையை அழுத்திக்கொண்டாள். எதிரி வாயடைத்துப் போனாள் என்று ராக்கம்மாள் காறித் துப்பிவிட்டு, வெற்றியோடுதான் திரும்பினாள்.

வண்டித்தடத்தில் செவலை கிடந்தது. முகம் அவள் பக்கமாக இருந்தது. உயிர் இல்லை.

அப்படியே தெருவில் உட்கார்ந்தாள். தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வந்தியாடா? என்னைத் தேடியா வந்தே? ராசா, வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் கல்லாவை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டேன். பிடிக்காதவளுக்காகக் கல்லாவைப் போட்டுவிட்டு இறங்குவதைப் போல எரிச்சலான காரியம் வேறில்லை. சின்னத்தாய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ராக்கம்மாள் ஏறிட்டுப் பார்க்காமலே அதைத் தட்டிவிட்டாள்.

தவசி கத்தரித் தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டினார். வெட்டிக்கொண்டே அழுதார். "எதுக்குய்யா அழுகுறே? ஒழுங்கா ஆழமா வெட்டு" என்று அவரை அதட்டினாளே தவிர, அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று கூடப் போன என் கடைப் பையன் காளை வந்து சொன்னான்.

நாய்ச் சாவுக்குக் கேதம் கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. துக்க வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்வதெல்லாம் மனுஷருக்குத்தான். ஆனால் மூன்றாம் நாள் காலையில் சின்னத்தாய் குளித்துவிட்டு, ராக்கம்மாள் வீட்டுப் படியில் வந்து நின்றாள். நான் கடைப்பலகையை எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் பேசியதும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"நான் வைக்கலை ராக்கு. எம் பிள்ளைக மேல சத்தியமா வைக்கலை."

"வைக்கலைன்னு தெரியும்." ராக்கம்மாளின் குரல் தாழ்ந்திருந்தது. "டாக்டரு சொன்னப்பவே தெரியும். கட்டியோட எப்புடிடி சண்டை போடுறது? அதான் ஒன்னோட போட்டேன்."

சின்னத்தாய் ஒரு படி மேலே ஏறினாள். "பெறகென்ன? முகத்தைத் திருப்பிக்கிட்டு ஒக்காந்திருக்க?"

"ஏறாத. அங்கனயே நில்லு. நாயி வருதுன்னு ரெண்டு தடவை சொன்னேல்ல? நான் திரும்புனேனா? திரும்பியிருந்தா எம் மடியிலதான உசுரு போயிருக்கும்? இனிமே ஒன் மூஞ்சியைப் பாக்குறப்பவெல்லாம் எனக்கு அந்த நெனப்புத்தான் வரும். என்னால முடியாது. நீ போயிரு."

கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. சின்னத்தாய் வெகுநேரம் அந்தப் படியிலேயே நின்றிருந்தாள்.