வெள்ளி விழாவுக்கு டோலி தூக்கியவர்

இமயமலைக்குப் பிரசவ வலி வந்தால் டில்லிக்காரர்கள் யாருக்குச் சொல்லி அனுப்புவார்கள்? ஜவ்வாது மலை தீர்த்தகிரிக்குத்தான். அவரும் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்புவார். இமயமலையை டோலியில் படுக்க வைத்து, உச்சிப் பனி ஒரு சொட்டு சிந்தாமல் போளூர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, "ஆணா பொண்ணா?" என்று கேட்டுக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

சரி, இமயமலை வரவில்லை. ஆனால் ரோடு இல்லாத காலத்தில் எங்கள் மலையில் வலி எடுத்த பெண்களும், பாம்பு கடித்தவர்களும், புளியமரத்திலிருந்து விழுந்தவர்களும் அவர் தோளில்தான் இறங்கினார்கள். மூங்கில் கழியில் போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டினால் அதுதான் டோலி. முன்னால் தீர்த்தகிரி, பின்னால் கோவிந்தன். பின்னால் வருகிறவனுக்குத் தொங்குகிற போர்வைதான் தெரியும், பாதை தெரியாது. அதனால் முன்னால் போகிறவன் சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

"கல்லு." "ஆ." "பள்ளம்." "ஆ."

அவ்வளவுதான் பேச்சு. அந்த 'ஆ' வந்தால்தான் தீர்த்தகிரி அடுத்த அடி வைப்பார். இருவரும் ஒருத்தரையும் கீழே போட்டதில்லை. மலையில் தீர்த்தகிரிக்கு இருந்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

அப்புறம் கீழ்நாட்டில் கட்சி இரண்டாக உடைந்தது. உடைந்த சத்தம் மலையேறி வரக் கொஞ்ச நாள் ஆனது. வந்ததும் ஊரும் உடைந்தது. தீர்த்தகிரி புதுக் கட்சி, கோவிந்தன் பழைய கட்சி. பேச்சு நின்றது. டோலி தூக்க ஆளுக்கொரு துணை தேடிக்கொண்டார்கள்.

எழுபத்தைந்தாம் வருஷம் ஜனவரியில் குடியரசுக்கு வெள்ளி விழா வந்தது. யார் கொடி ஏற்றுவது? இந்தப் பக்கம் சொன்ன ஆளை அந்தப் பக்கம் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம் கேட்கவே இல்லை. கடைசியில் இரண்டு பக்கமும் தலையாட்டியது போளூர் நர்சம்மா மாணிக்கம்மாளுக்கு. அந்தக் காலத்தில் அம்மை ஊசி குத்த மலையெல்லாம் நடந்தவர். எந்தக் கட்சிக்காரன் சட்டையைத் தூக்கினாலும் கையில் அவர் போட்ட தழும்பு இருக்கும். இப்போது வயதாகி மூச்சு வாங்குகிறது, டோலியில்தான் வர வேண்டும். தூக்குகிற இரண்டு பேரும் ஒரே கட்சி என்றால் விழாவே அந்தக் கட்சியுடையதாகிவிடுமாம். கட்சிக்கு ஒரு ஆள் என்று ரொம்ப நியாயமாக முடிவு செய்தார்கள். முன்னால் தீர்த்தகிரி, பின்னால் கோவிந்தன்.

அடிவாரத்தில் கழி தோளில் ஏறியது. நர்சம்மா மடியில் மடித்த கொடி. முதல் கல் வந்ததும் தீர்த்தகிரி யோசித்தார். பேசாத ஆளுக்கு எப்படிச் சொல்வது?

"நர்சம்மா, இங்க ஒரு கல்லு கீதுங்க."

"இருக்கட்டும்பா."

"இப்ப பள்ளங்கம்மா."

"சரிப்பா."

"வேருங்கம்மா, பெரிய வேரு."

"ஏம்பா, நானா நடக்கிறேன்? எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற?"

பின்னாலிருந்து கோவிந்தன் குரல் வந்தது. "கட்சி மாறினதும் சில பேருக்குக் கூட வர்றவன் பேரு மறந்துபோச்சுங்கம்மா."

"மறக்கலீங்கம்மா. சில பேரு கழியைத் தோள்ல வெச்சினு தூங்கறாங்க. அதான் சத்தம் குடுக்கறேன்."

"இவரு பொண்டாட்டிக்கு வலி வந்தப்போ அந்தத் தூங்கறவன்தான் பின்னால புடிச்சான். கேளுங்கம்மா."

"என்னை இறக்கி வுட்டுட்டு ரெண்டு பேரும் அடிச்சிக்குங்கடா," என்றார் நர்சம்மா.

யாரும் இறக்கவில்லை. தீர்த்தகிரிக்குச் சுருக்கென்றது. கோவிந்தன் சொன்னது உண்மை. பொண்டாட்டி மாதம்மாளை அன்று பின்னாலிருந்து தாங்கியவன் அவன்தான். உண்மையாக இருந்ததால் இன்னும் எரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டார்.

கடைசி ஏற்றத்தில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. பாதையில் துருத்திக்கொண்டிருந்த கல் தீர்த்தகிரிக்குத் தெரியவில்லை. அவர் கால் எப்படியோ தாண்டிவிட்டது. கோவிந்தன் கால் தாண்டவில்லை.

கழி சாய்ந்தது. நர்சம்மா போர்வையோடு உருண்டு ஒரு புதரில் போய் நின்றார். எழுந்தவர் கொடியைத் தேடவில்லை, கோவிந்தன் முட்டியைத்தான் தேடினார். முந்தானையைக் கிழித்துக் கட்டினார். பிறகு தீர்த்தகிரியை ஒரு பார்வை பார்த்தார். ஒரு அறை விட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது தீர்த்தகிரிக்கு.

கொடியைக் கக்கத்தில் இடுக்கி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி, நர்சம்மா ஊர் வந்து சேர்ந்தார். மேளம் அடிக்க நின்றவர்கள் டோலி எங்கே என்றார்கள். விஷயம் தெரிந்ததும், "வேணும்னே தள்ளிட்டான், சதி!" என்றது ஒரு பக்கம். "விழாவைக் கெடுக்க அவனே விழுந்தான்!" என்றது மறு பக்கம்.

"அங்க ஒருத்தன் கால் ஒடிஞ்சு கிடக்கிறான். தூக்கியார நாலு பேரு வாங்க," என்றார் நர்சம்மா.

நாலு பேரில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஆள் என்று பேச்சு ஆரம்பித்தது. காகிதக் கொடி பிடித்த பிள்ளைகள் வெயிலில் நின்று வாடின. நர்சம்மா கொடியைப் பிரிக்காமலே கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

தீர்த்தகிரி யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி இறங்கினார். கோவிந்தனை முதுகில் ஏற்றிக்கொண்டார். முதுகில் இருக்கிறவனுக்குப் பாதை தெரிந்து என்ன ஆகப் போகிறது? இருந்தாலும் சொன்னார்.

"கல்லு."

பதில் இல்லை. அடி வைக்காமல் நின்றார்.

"டேய், கல்லுடா."

அப்புறம், "ஆ," என்றார் கோவிந்தன்.

அன்று கொடி ஏறவில்லை. கோவிந்தன் கால் நேராகவும் இல்லை. அதற்கப்புறம் தீர்த்தகிரி டோலிக்கு முன்னால் நிற்கவே இல்லை. யார் கூப்பிட்டாலும் பின்னால்தான்.

பல வருஷம் கழித்து இதையெல்லாம் எழுதியது கோவிந்தன் மகன் சேட்டு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுதியதைத் தீர்த்தகிரியிடமே படித்துக் காட்டினான். இமயமலைக்கு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். முடிவில் சிரிக்கவில்லை.

"பசங்க வெயில்ல நின்னாங்கன்னு எழுதிக்கீற. அப்புறம் ஏதுடா பனிமூட்டம்?"

"அது கீழ இருந்துது மாமா. மலைன்னா அப்படித்தான்."

"நீ அப்ப உங்கம்மா இடுப்புல இருந்த. மலையைப் பத்தி எனக்குச் சொல்றியா?"

சேட்டு தலையைச் சொறிந்தான்.

"கல்லு தெரிஞ்சுது. யானை படுத்தாப்ல தெரிஞ்சுது. நான்தான் சொல்லல." தீர்த்தகிரி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உங்கப்பன் வூட்ல இன்னா சொல்லினு கீறான்? பனின்னு சொல்றானா?"

"கல்லு தடுக்கிச்சுன்னு மட்டும்தான் மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அந்தப் பனியை அடிச்சிடு. இமயமலை வேணா இருக்கட்டும்."