கால் கிலோ பறவை

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அத்திபெலே பக்கம் உள்ள நீர்த்தேக்கத்துக்குப் பறவை பார்க்கப் போயிருந்தேன். வேலைக்காகத் திருவண்ணாமலையிலிருந்து பெங்களூரு வந்தவள் நான். குளிருக்கு வந்த வாத்துகள் ஊர் திரும்புவதற்குள் ஒருமுறை பார்த்துவிட ஆசை.

ஆனால் பைனாகுலரில் அகப்பட்டது ஒரு பவளக்கால் உள்ளான். அறுந்து மிதந்த நைலான் வலை அதன் நீளமான சிவப்புக் கால்களைச் சுற்றியிருந்தது. எழுவதும் தண்ணீரில் குப்புற விழுவதுமாகத் தவித்தது. எனக்கோ நீச்சல் தெரியாது.

சற்றுத் தள்ளி ஒருவர் பரிசலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். காய்கறிக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் பொறுக்கிய கன்னடத்தை நம்பிக் கத்தினேன்.

"அண்ணா! அக்கி! நீரல்லி அக்கி!"

தண்ணீரில் பறவை என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. அவர் நிமிர்ந்து, "எஷ்டு கேஜி?" என்றார். எத்தனை கிலோவாம்! சாகக் கிடக்கிற பறவைக்கு எடை கேட்கிறாரே என்று எரிச்சல் வந்தது. இருந்தாலும், "கால் கேஜி" என்றேன்.

"ஹோக்லி பிடி மேடம்." போனால் போகட்டும் என்று கையை உதறிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கன்னடம் போன இடம் தெரியவில்லை. "ஐயோ, ஒரு உயிர் போகுதுண்ணா! கொஞ்சம் வாங்களேன்!" என்று தமிழில் அலறினேன்.

பரிசல் சட்டென்று திரும்பியது. "உயிரா? அரிசின்னுதானே சொன்னீங்க?" என்றார், அச்சு அசல் தமிழில்!

நான் கை காட்டிய பக்கம் துடுப்புப் போட்டார். பறவையை மெல்லப் பிடித்து வலையை அறுத்தார். அது கொத்தக் கொத்த அவருக்குச் சிரிப்பு.

"பறவைன்னா ஹக்கிம்மா, அக்கின்னா அரிசி. கால் கிலோ அரிசிக்கா இந்தக் கத்து கத்துறீங்கன்னு நெனச்சேன். தமிழ்னு மொதல்லயே சொல்லக் கூடாதா?"

பெங்களூரில் தமிழர்கள் நிறைய வாழும் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவராம். தமிழ் பேசும் இரண்டு பேர் இவ்வளவு நேரம் கன்னடத்தில் மல்லுக்கட்டியிருக்கிறோம்! கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவர் கையை விரித்ததும், உள்ளான் காலை நீட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே கத்தியபடி பறந்தது.

யாராவது சிரிப்பார்களோ என்று அன்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்தப் பறவை கண்ணெதிரே செத்திருக்கும். அதனால் இன்றும் என் ஓட்டைக் கன்னடத்தை, யார் சிரித்தாலும் சரி, ஊரே கேட்கப் பேசுகிறேன்.