மிளகாய்ப்பொடி மாரிக்கு நான் வாங்கிக் கொடுத்த பெயர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். மைக்கை அணைத்தால் அதில் சொன்ன பொய்யும் அணைந்துவிடும் என்று முழுசாக நம்பியவன் நான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக் பிடித்தவரை அந்த நம்பிக்கையால் யாருக்கும் கேடில்லை. குஸ்தி கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் கேடு வந்தது. இன்றைக்கு மைக் பிடிக்கிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள்

எங்கள் கம்பெனி ஊர் ஊராகப் போய் ரிங் கட்டி, டிக்கெட் போட்டுக் குஸ்தி காட்டும். வேலையில் சேர்ந்த முதல் நாள் நைனார்பாளையத்தில் ஆட்டம். வெள்ளைப் பேன்ட் போட்டுக்கொண்டு கம்பீரமாக ரிங்குக்குள் ஏறினேன். கயிற்றில் கால் மாட்டிக் குப்புற விழுந்தேன். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. என்னைக் காமெடி பயில்வான் என்று நினைத்துவிட்டார்கள். அன்றைக்கு என்னைத் தூக்கி நிறுத்திப் பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டவன் மாரி.

மாரிதான் கம்பெனியின் வில்லன். போஸ்டரில் 'மிளகாய்ப்பொடி மாரி'. ஹீரோ ஜெயிக்கப் போகிற நேரத்தில் இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவர் கண்ணில் வீசுவான். உள்ளே இருப்பது சலித்த செங்கல் தூள். அதையும் குறி பார்த்து நெற்றியில்தான் வீசுவான். ஒரு நாளும் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. கரியாலூர்ப் பக்கத்து மலைக்காரன். அப்பா இல்லை, அம்மா மட்டும். ஆட்டம் இல்லாத வாரத்தில் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறிவிடுவான்.

தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வில்லன் ரிங்குக்கு வெளியேயும் வில்லன்தான். ஹீரோவோடு ஒரே பஸ்ஸில் வரக் கூடாது. ஒரே கடையில் டீ குடிக்கக் கூடாது. ஜனம் முன்னால் சிரிக்கக் கூடாது. மைக்கில் அவனைப் பற்றி என்ன சொன்னாலும் மறுக்கக் கூடாது. மறுத்தால் வேஷம் கலைந்தது, வேலை போனது.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் டீக்கடைகளில் போய் நின்று, மாரியைப் பற்றி ஜனம் என்ன பேசுகிறது என்று கேட்டு மேனேஜரிடம் சொல்ல வேண்டும். திட்டு ஜாஸ்தியானால் மறுநாள் கூட்டம் ஜாஸ்தி.

"பொடி இல்லன்னா அவன்லாம் ஒரு ஆளாடா? தூ!"

"அவன் கைய ஒடைக்காம இந்த ஊர வுட்டு அனுப்பக் கூடாதுப்பா."

"நாளைக்கும் வரணும்டா. அவன் அடி வாங்கறத பாத்தாதான் எனக்குச் சோறு எறங்கும்."

எப்போதாவது ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னா சொல்லு, ஆட்டம்னா அவன் ஆட்டந்தான். மத்தவன்லாம் சும்மா வுழுந்து எழுந்துக்கினு இருக்கான்" என்பார். இதை மட்டும் மேனேஜரிடம் சொல்லாமல் மாரியிடம் சொல்வேன். பல் தெரியச் சிரிப்பான்.

தியாகதுருகம்

தியாகதுருகத்தில் மூன்றாம் நாள் ஜனம் மாரியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. அவன் இடுப்பில் கை வைத்தாலே முன்வரிசை முழுக்க 'அச்', 'அச்' என்று தும்மியது. மேனேஜர் என் காதருகே வந்து பல்லைக் கடித்தார்.

"யோவ் மைக்கு, வில்லனப் பாத்து ஜனம் சிரிச்சா கம்பெனிய இழுத்து மூடணும்யா. எதனா பேசு!"

எதையாவது பேசு என்றால் எனக்குக் கேட்கவா வேண்டும்? என்னைச் செய்தவன் வாய்க்கும் மூளைக்கும் நடுவில் சுவிட்ச் வைக்க மறந்துவிட்டான். வந்ததைப் பேசினேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்தப் பாவியைப் பெற்ற தாய் மலையிலே கூழுக்குக் கையேந்துகிறாள்! பெற்றவளுக்கு ஒரு வாய்ச் சோறு போடாத பாவி இவன்!"

மாரி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு கூட்டத்தின் பக்கம் கையைத் தூக்கி, "ஆமாண்டா! போடலடா! இன்னா பண்ணுவ?" என்று கத்தினான்.

செருப்பு மழை பொழிந்தது. டீக்கடையில் அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. மேனேஜர் சந்தோஷத்தில் எனக்குப் பிரியாணி வாங்கித் தந்தார். மாரிக்கு வந்த பொட்டலத்தையும் சேர்த்து நானே சாப்பிட்டேன். அவன் சாப்பிடவில்லை.

"அண்ணே, அம்மாவ இன்னாத்துக்கு இழுத்த?" என்று மட்டும் கேட்டான்.

"அட, மைக்க ஆஃப் பண்ணா முடிஞ்சிபோச்சு. இங்க யாருக்குடா உங்கம்மாவத் தெரியும்?"

தெரிந்திருந்தது. புளி விற்க இறங்கிவந்த மலைக்காரர்கள் சிலர் அன்று கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சி

அடுத்து கள்ளக்குறிச்சியில் ரிங் கட்டினோம். செல்லுபடியான வசனம் ஆயிற்றே, அதையே எடுத்துவிட்டேன். தரை டிக்கெட்டில் ஓர் அம்மா எழுந்து நின்றார். கையில் தூக்குவாளி.

"யாரு சொன்னது? எம் புள்ள எனக்குச் சோறு போடறான்! நான் எவங்கிட்டயும் கையேந்தல!"

பக்கத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் ரெண்டு தடவை கத்தினால் நாற்பது பேர் பார்ப்பார்கள். ரிங்கில் மாரி அப்படியே நின்றுவிட்டான். என்னை யாரும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. நானாகத்தான் பாட்டைப் போட்டு, ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகி, சவுண்டை ஏற்றினேன். அந்த அம்மாவின் வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்து மாரி ஓடிப்போய்ப் பார்த்தபோது தூக்குவாளி மட்டும் டிக்கெட் கொடுப்பவரிடம் இருந்தது. உள்ளே சாமைச் சோறு. "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போய்ட்டாங்கப்பா" என்றார் அவர்.

அந்த மழைக்காலத்திலேயே அந்த அம்மா இறந்துபோனார். சேதி கேட்டு ஊருக்குப் போன மாரி ஐந்தாம் நாள் திரும்பினான். அவர்கள் வழக்கத்தில் புதைப்பார்கள். குழியில் முதல் கைப்பிடி மண்ணை மகன் போட வேண்டும். தியாகதுருகத்துப் பேச்சு மலைக்கு எட்டியிருந்ததால் பங்காளிகள் அவன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்கள்.

"அது வேஷம்னு சொன்னேண்ணே. 'பெத்தவள வெச்சா வேஷம் போடுவ?'ன்னு கேட்டாங்க. பெரியப்பா மவன் போட்டான்."

அன்றைய ஆட்டத்தில் மாரி வழக்கம்போல் பொட்டலத்தைப் பிரித்தான். கை நிறையத் தூளை எடுத்தான். ஹீரோ கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வெகு நேரம் காத்திருந்தார். மாரி விரல்களைத் திறந்து தூளைத் தன் காலடியிலேயே விட்டான். ரிங்கை விட்டு இறங்கி நடந்தான். "ஏமாத்து! ஏமாத்து!" என்று ஜனம் கத்தியது. வாயாடியான நான் அன்று மைக்கை அணைத்துக் கீழே வைத்தேன். மாரி அதற்குப் பிறகு கம்பெனிக்கு வரவில்லை.

கரியாலூர்

போன மாதம் என் மருமகன் போனில் ஒரு வீடியோ காட்டினார். யாரோ பழைய கேசட்டிலிருந்து மாரியின் ஆட்டத்தை ஏற்றியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கருத்துகள். பழைய டீக்கடைதான், டீ மட்டும் இல்லை.

'ஃபிராடு. பொடி போட்டு ஜெயிச்சவன்.'

'சின்ன வயசுல இவரப் பாத்து ஜுரம் வந்துச்சு எனக்கு. இப்ப பாத்தா மனுஷன் அடி வாங்கறதே தனி அழகு.'

'பெத்த அம்மாவுக்குச் சோறு போடாதவன். தியாகதுருகத்துல அவனே ஒத்துக்கினான். நேர்ல பாத்தவன் சொல்றேன்.'

கடைசியாகச் சொன்னதற்குத்தான் லைக் ஜாஸ்தி.

'அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்தான்' என்று ஒற்றை விரலால் அரை மணி நேரம் தட்டிப் பதில் போட்டேன். 'லைக் வாங்கக் கெளம்பிட்டாரு பாரு பெருசு' என்று ஒருவர் எழுதினார். என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளில் இது ஒன்றுதான் பொதுவில் போனது. அதையும் யாரும் நம்பவில்லை.

மறுநாள் கரியாலூருக்குப் பஸ் ஏறினேன். மாரி மரவள்ளிக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"இன்னாண்ணே, மலைக்கு வழி தெரிஞ்சிதா?"

"கயித்துல தடுக்கி வுழாம வந்து சேந்துட்டேன்டா."

இந்தத் தடவை அவன் பல் தெரியச் சிரிக்கவில்லை. போனைக் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தான். அம்மாவைப் பற்றிய அந்தக் கருத்து வந்தபோதும் விரல் நிற்கவில்லை. படித்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

தம்பிகளே, நான் கற்றது இவ்வளவுதான். மைக்கில் ஒருவனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், அது தொழில். ஆனால் வேஷத்தைத் திட்டுங்கள். அவன் வீட்டை இழுக்காதீர்கள். வேஷத்தை அவன் கழுவிக்கொள்வான். மற்றதை யார் கழுவுவது? நான் கழுவிவிடலாம் என்று நினைத்துத்தான் அன்று போனேன்.

"மாரி, உங்க ஊரு நடுவுல ஸ்பீக்கர் கட்டறேன். உங்க பங்காளிங்க அத்தினி பேரையும் கூப்ட்டு வெச்சு, பொய் சொன்னவன் நான்தான், இவன் அம்மாவ நல்லாத்தான் வெச்சிருந்தான்னு மைக்ல சொல்லிடறேன்."

அவன் களைக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"எங்கம்மா அதச் சொல்லத்தான் வந்தா, நீதான் சவுண்டு ஏத்திட்ட."