தொட்டிக்குள் ஒரு குறுக்கு விசாரணை

எங்கள் சபையில் ஞானஸ்நானத் தொட்டி பிரசங்க மேடைக்கு அடியில் இருக்கிறது. மேடைப் பலகைகளைத் தூக்கிவிட்டு, முதல் நாளே டேங்கர் லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பிவிடுவார்கள். முங்கி எழுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சாட்சி சொல்ல வேண்டும். எப்படி இருந்தேன், எதை விட்டு வந்தேன் என்று. மற்ற ஊர்ச் சபைகளில் "நான் பாவியாக இருந்தேன்" என்றால் போதும், பாஸ்டர் முக்கிவிடுவார். எங்களுக்கு அது போதாது. எங்கள் டீக்கன், அதாவது சபைக் காரியங்களை நடத்தும் மூத்தவர், கோர்ட்டில் அரசு வக்கீல்.

நான் அதே கோர்ட்டில் எதிர்த்தரப்பில் வாதாடுகிறவள். தென்காசிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. திங்கள் முதல் வெள்ளி வரை அந்த மனிதரின் முகத்தைப் பார்ப்பது போதாதென்று ஞாயிற்றுக்கிழமையும் பார்க்க வேண்டும் என்பது என் தலையெழுத்து.

அவருடைய ஜெபத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கர்த்தருக்கே சட்டப்பிரிவு எடுத்துக் கொடுப்பார். கண்ணை இறுக மூடியிருப்பார். ஆனால் யார் தாமதமாக வந்தது, யார் காணிக்கைப் பையைக் கண்டுகொள்ளாமல் விட்டது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர் தாத்தாவாக இருந்தாலும் "அவன், இவன்"தான். சபையில் சின்னப் பிள்ளைக்குக்கூட "வாங்க, உக்காருங்க". அந்த "ங்க"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொட்டிப் படியில் துண்டோடு நின்று, நனைந்து ஏறுகிறவர்களுக்குப் போர்த்துவதுதான் டீக்கனின் வேலை. கேள்வி கேட்கும் வேலை அவராக எடுத்துக்கொண்டது. பாஸ்டர் வாயில்லாப் பூச்சி. தண்ணீரில் நடுங்கிக்கொண்டு, இவர் எப்போது தலையாட்டுவார் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

போன வருஷம் நல்லூரில் ஒரு தையல் யூனிட்டில் வேலை செய்த டெய்லர் ஒருவர் ஞானஸ்நானத்துக்கு இறங்கினார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பாவியாக இருந்தேன் என்று சொல்லிவிட்டுப் பாஸ்டரைப் பார்த்தார்.

"என்ன பாவமுங்க தம்பி? மொட்டையா சொன்னா எப்படீங்க?" என்றார் டீக்கன்.

"களவு எடுத்திருக்கேன்யா."

"எங்கீங்க? என்னத்தைங்க?"

முதலில் வேலை பார்த்த கம்பெனியில் தைத்து வைத்திருந்த பீஸ் பண்டல் ஒன்றை எடுத்து விற்றதாகவும், அது இன்றுவரை யாருக்கும் தெரியாது என்றும் அழுதுகொண்டே சொன்னார் டெய்லர். முன்வரிசையில் அவர் மனைவியும் அழுதாள். சபை ஆமென் சொன்னது. டீக்கன் துண்டைப் போர்த்திக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தண்ணீரில் புதைத்த பாவம் திரும்பி வராது என்று பாஸ்டர் பிரசங்கித்தார்.

வந்தது. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தது.

சில மாதம் கழித்து நல்லூர் யூனிட்டில் சரக்கு காணாமல் போனது. முதலாளி சந்தேகத்தில் கை காட்டியவர்களில் டெய்லரும் ஒருவர்; பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். போலீஸ் கையில் ஒரு ஆதாரமும் இல்லை. நான் ஜாமீன் மனு போட்டேன். சாதாரணமாகக் கிடைத்துவிடும் என்று அவர் மனைவியிடமும் சொல்லியிருந்தேன். டீக்கன் எழுந்தார்.

"ஜாமீன் குடுக்கக் கூடாதுங்கய்யா. இவனுக்கு இது பழக்கம். இவன் வாயாலயே ஒத்துக்கிட்டிருக்கான்."

"எந்த கேஸ்ல?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"கேஸ் இல்லீங்கய்யா. நம்பகமான தகவலுங்க."

தகவல் எங்கே கிடைத்தது என்று அரசு வக்கீல் சொல்லட்டும் என்றேன். அந்த உத்தமர் கேஸ் கட்டைப் புரட்ட ஆரம்பித்தார். சொன்னால் மானம் போய்விடும் என்று தெரியும். நான் சொன்னால் டெய்லரின் சாட்சியை நானே உறுதிப்படுத்தியதாகிவிடும். கூண்டில் நின்ற டெய்லர் டீக்கனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவர்மேல் பட்டதாகவே தெரியவில்லை. விசாரணை முடியவில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

வராந்தாவில் மடக்கிக் கேட்டேன். வெட்கமாக இல்லையா என்றுதான் கேட்டேன்.

"உண்மையை எங்க சொன்னாலும் உண்மைதானுங்க கண்ணு. நான் என்ர கடமையத்தானுங்க செஞ்சேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சபையில் அந்தத் தம்பிக்காக உருகி உருகி ஜெபமும் செய்தார்.

சரக்கைத் தூக்கியது முதலாளியின் சொந்த மச்சான் என்று பிறகு தெரிந்தது. டெய்லர் வெளியே வந்தார். ஆனால் ஜெயிலுக்குப் போய் வந்தவனை எந்தக் கம்பெனி உள்ளே விடும்? திருடன் என்ற பேர் அவருக்கு முன்னால் கம்பெனி வாசலுக்குப் போய்விடுகிறது. டீக்கனிடமிருந்து ஒரு வருத்தம், ஒரு வார்த்தை? மூச்சு விடவில்லை. இந்த ஜென்மங்களுக்கு வருத்தமெல்லாம் அடுத்தவர் பாவத்துக்குத்தான் வரும்.

அடுத்த ஞானஸ்நானத்துக்கு டெய்லரின் மனைவி பெயர் கொடுத்தாள். வேண்டாம் என்று நானே சொல்லிப் பார்த்தேன். "அவருகிட்டயா வாங்குதேன், ஆண்டவருகிட்டல்லாக்கா வாங்குதேன்" என்றாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, பாவியாக இருந்தேன், இயேசு ரட்சித்தார் என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"என்ன பாவமுங்க அம்மிணி?" என்றார் டீக்கன், படியில் துண்டோடு.

"எங்க வக்கீலக்கா அங்க உக்காந்திருக்காவ. கேட்டுட்டுச் சொல்லுதேன்."

டீக்கன் சிரிக்கப் பார்த்தார்.

"இதென்ன கோர்ட்டுங்களா அம்மிணி?"

"எங்க வீட்டுக்காரரும் கோர்ட்டு இல்லன்னுதான்யா நெனச்சாரு."

பாஸ்டர் முதல் முறையாக டீக்கன் பக்கம் திரும்பாமலே அவளைத் தண்ணீரில் முக்கி எழுப்பினார். அவள் படியேறி வந்து, நீட்டிய துண்டைத் தொடாமல், சொட்டச் சொட்ட நடந்துபோய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து இறங்க வேண்டியவர்கள் வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.