நாக்கில்லாத மணி

“…சிறுத்த வெரட்டிப் பிடிக்காது மாப்ள. நாம போற பாதையில மூச்சுக் காட்டாம படுத்துக் கெடக்கும். பக்கத்துல வந்ததும் ஒரே பாய்ச்சல். கழுத்தக் கவ்வுச்சுன்னா மூச்சு நிக்கிற வரைக்கும் விடாது,” என்று முருகையா அத்தான் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தபோதுதான் அந்த மணி கேட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன், வருகிறவர்களின் முதுகைத் தேய்த்தபடியே எத்தனையோ பேய்க்கதை கேட்டுச் சிரித்தவன், ஒன்றைக்கூட நம்பியதில்லை. நீங்களும் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், கோபப்பட மாட்டேன்.

அன்றைக்கு அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. வேலை இல்லையே என்று கடையம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தானுக்கு ஆடுகள்தான் பிழைப்பு. மூன்று நாளைக்கு முன்னால்தான் அவருடைய வெள்ளச்சியைச் சிறுத்தை அடித்திருந்தது, பால்குடி மறக்காத குட்டியை விட்டுவிட்டுச் செத்த ஆடு. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அப்படிச் செத்த ஆட்டின் மணியை வேறு ஆட்டுக்குக் கட்டமாட்டார்கள், உள்ளே தொங்கும் நாக்கைப் பிடுங்கிவிட்டு சுடலைமாடன் பீடத்தில் கட்டிவிடுவார்கள், போனதின் சத்தம் மறுபடி காதில் விழக்கூடாது என்று. வெள்ளச்சி மணியின் நாக்கைப் பிடுங்கியவர் அத்தான்தான்.

சிறுத்தை இன்னும் போகவில்லை என்று ஊரே பேசியதால், சாரல் விழுந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஆடுகளைத் திருப்பிவிட்டோம். முன்னால் அத்தான், அவர் காலை ஒட்டி நாய், பின்னால் ஆடுகள், கடைசியில் நான். மணி கேட்டது என் முதுகுக்குப் பின்னால். எனக்குப் பின்னால் ஆடே கிடையாது.

அத்தான் எடுத்த காலை அப்படியே வைத்துத் திரும்பினார். “ஏ மாப்ள, இது வெள்ளச்சி மணில்லா?”

எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்டிருந்தால் பிரமை என்று விட்டிருப்பேன். அத்தனை ஆடும் திரும்பிப் பார்த்தன. அந்தக் குட்டி என்னைத் தாண்டி ஓடிப்போய், ஒன்றுமே இல்லாத ஈரப்புல்லில் முட்டி முட்டி வாலை ஆட்டியது, மடியில் வாய் வைத்ததுபோல.

அதே நேரம் முன்பக்கம் ‘தொப்’பென்று ஒரு சத்தம். அத்தான் நின்றதைக் கவனிக்காமல் நாய் இரண்டு எட்டு முன்னால் போயிருக்கிறது. பாறை இடுக்கில் கிடந்தது பாய்ந்துவிட்டது. நாய் குரைக்கவே இல்லை, அதன் குரல்வளை சிறுத்தையின் வாயில் இருந்தது. கடித்துக் குதறவில்லை ஐயா, கழுத்தைக் கவ்வியபடி சும்மா படுத்திருந்தது, எங்களையே பார்த்துக்கொண்டு. நாயின் பின்னங்கால் தரையை அடித்து அடித்து, பிறகு நின்றது. சிறுத்தை அதை இழுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனது. அந்த இரண்டு எட்டையும் அத்தான் வைத்திருந்தால்?

அத்தான் பாறைப் பக்கம் பார்க்கவில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த வெறும் புல்லைப் பார்த்து, “வாட்டி, வீட்டுக்குப் போவோம்” என்றார்.

வயல் வழியாகச் சுற்றிப் போனோம். மணி பின்னாலேயே வந்தது. சத்தியமாக நான் திரும்பிப் பார்க்கவில்லை. கிடையில் எல்லா ஆடும் நுழைந்த பிறகும், குட்டியும் போன பிறகும், அத்தான் படலைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஆடுகள் ஒதுங்கி வழி விட்டன. அதன் பிறகுதான் அவர் படலைச் சாத்தினார்.