ஒருத்தரையும் விடாதே
மலாயாவின் அவசர காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து கேட்டில் போலீஸ் மாத்தாக்கள் ஆட்களைச் சோதிக்கும்போது, மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கு மலாய் தெரியாமலா இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். மீன் வாங்கவும் சிரித்துச் சமாளிக்கவும் போதுமான மலாய்தான் என்னிடம் இருந்தது.

முதல் பிரசவத்துக்கு என் மனைவி மெர்லிமாவில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வழியில் ஒரு லாரியைக் கம்யூனிஸ்டுகள் எரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் விடவில்லை. நியாலாஸ் பக்கம், முள்வேலிக்குள் இருந்த எங்கள் வீட்டிலேயே பையன் பிறந்தான். பக்கத்துக் கிராமத்து மலாய்க்கார மருத்துவச்சி பிரசவம் பார்த்தார். பீடான் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம்.

பத்து நாள் ஆனது. பையன் நன்றாக இருந்தான். என் மனைவிதான் நன்றாக இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. பிள்ளை அழுதால் பால் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. “என்ன செய்யுது?” என்று கேட்டால் கண்ணீர் மட்டும் வந்தது. இவள் இப்படியே போய்விடுவாளோ என்று எனக்குக் கை கால் ஓடவில்லை.

பீடான் வந்து பார்த்தார். போகும்போது வாசலில் என்னை நிறுத்தி நீளமாக ஏதோ சொன்னார். நடுவில் ‘மெரோயான்’ என்றார். அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அப்படியென்றால் என்ன என்று கேட்டால் என் மலாய்ப் புலமை என்னாவது? பெரிதாகத் தலையாட்டினேன். கடைசியில் விரலை நீட்டி, “ஜாங்கான் பியார் சொராங்” என்றார். அப்பாடா, இது புரிந்தது. ஜாங்கான் என்றால் கூடாது, பியார் என்றால் விடுவது, சொராங் என்றால் ஒரு ஆள். ஒருத்தரையும் விடாதே!

சர்க்கார் தோட்டத்துக்கு ஊரடங்கு போட்டது. நான் என் வீட்டுக்குப் போட்டேன். ஆபீஸ் டைப்ரைட்டரில் ‘யாரும் உள்ளே வரக்கூடாது’ என்று ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் அடித்துக் கதவில் ஒட்டினேன். எங்கள் லயத்து வீடுகளில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பக்கத்து வீட்டில் பால்வெட்டுக்குப் போகும் அக்கா பூண்டுக் குழம்போடு வந்தார்.

“கிராணி ஐயா, தங்கச்சிய ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுறேன்லா.”

“கூடாது. பீடான் உத்தரவு.”

சட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். என் மனைவி அதைத் தொடவில்லை. வீணாகிவிடுமே என்று நான் சாப்பிட்டேன். பிள்ளை பெற்றவள் பத்தியம் எனக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதையும் விட்டுவிட்டேன். ஆபீசில் வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினேன். ஆறாம் நாள் பீடான் மறுபடி வந்தபோது அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் வெளியே நின்றிருந்தார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டார். அவர் உத்தரவை ஒரு சொல் பிசகாமல் காப்பாற்றியதைப் பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, அக்காவிடம் மலாயில் படபடவென்று பொரிந்தார். பள்ளிக்கூடமே போகாத அக்கா எனக்கு மொழிபெயர்த்தார்.

“ஐயா, ‘தனியா விடாதே’ன்னுதான் அவங்க சொன்னாங்களாம். புள்ள பெத்தவளுக்கு மனசு கலங்கிப் போறதுதான் மெரோயானாம். பக்கத்துல ஆள் இருந்துகிட்டே இருக்கணுமாம்.”

நோட்டீசைக் கிழித்தது யார் என்று நான் பார்க்கவில்லை. பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். அக்கா பையனை மடியில் வாங்கியதும், ஆறு நாள் கழித்து என் மனைவியின் குரல் கேட்டது.

“தெனமும் செருப்புச் சத்தம் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போச்சுக்கா. இந்தப் புள்ளையப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணல. அது உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருச்சு, அதான் யாரும் உள்ள வரலைன்னு நெனச்சேன்.”

“எனக்கும் மூணாவது பொறந்தப்ப ஒண்ணும் தோணலம்மா. மெதுவா வந்துச்சு,” என்றார் அக்கா.

வெட்கத்தில் எனக்கு நிற்க இடமில்லை. ஏதாவது செய்தாக வேண்டுமே, யார் எப்போது கூட இருப்பது என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுப் பட்டியல் போல ஒன்று எழுதிக் கொடுத்தேன். அக்கா அதில் வெற்றிலையை மடித்துக்கொண்டார். அவர்கள் பாட்டுக்கு முறை வைத்து வந்தார்கள், தலைவாரி விட்டார்கள், ஊட்டிவிட்டார்கள், சில நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு மாதத்தில், பையனுக்கு என் மூக்கு வந்துவிட்டதே என்று குறைப்படும் அளவுக்கு அவள் தேறினாள். அன்று மதியம்தான் கேட்டாள்.

“ஒருத்தரையும் விடாதேன்னு நெனச்சீங்க, சரி. அந்த ஒருத்தர்ல நீங்களும் சேத்தியா?”

எனக்கு மலாய் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த அறைக்குள் போகவே பயந்துகொண்டிருந்தவனுக்கு அந்தத் தப்பு மிகவும் வசதியாக இருந்தது. இதை அவளிடம் தமிழில்கூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசலில் கிடந்த நாற்காலியைத் தூக்கி வந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.